எச்ஏபிராக்சி இரண்டு இருந்தும் எடைமேடை கால் மணி நேரம் நிற்கிறது: கீப்அலைவ்டி ஃபெயில்ஓவர் ஏன் இவ்வளவு தாமதம்?

சிப்புட்_மில்:

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கணினி, நெட்வொர்க் எல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆலை அலுவலகத்தில் இரண்டு சின்ன டெபியன் லினக்ஸ் பெட்டிகள், இரண்டிலும் எச்ஏபிராக்சியும் (கோரிக்கைகளைப் பின்னால் இருக்கிற சர்வர்களுக்குப் பகிர்ந்து அனுப்பும் லோட் பேலன்சர்) கீப்அலைவ்டியும் (ஒரு பெட்டி செத்தால் மற்றது எடுத்துக்கொள்ளச் செய்வது, அதுதான் ஃபெயில்ஓவர்) ஓடுகின்றன. இரண்டுக்கும் பொதுவாக ஒரு விர்ச்சுவல் ஐபி (அந்த நேரத்தில் வேலை செய்கிற பெட்டி வைத்திருக்கும் முகவரி), பின்னால் இரண்டு அப்ளிகேஷன் சர்வர். எடைமேடை, ஆலை அலுவலகம், ரூட்டர் வழியாக வரும் தோட்ட அலுவலகம் எல்லாம் அந்த ஒரு ஐபியைத்தான் தேடி வரும்.

முதல் பெட்டியில் கீப்அலைவ்டியை நிறுத்தினால் ஒரு வினாடிக்குள் இரண்டாவது பெட்டி ஐபியை எடுத்துக்கொள்கிறது, யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் மின்சாரத்தைப் பிடுங்கினால் கதை வேறு. லாக்கில் பார்த்தால் 4 வினாடிக்குள் மாறிவிட்டது என்று இருக்கிறது, அலுவலகக் கணினிகளில் பிரவுசரும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது, எடைமேடைப் பக்கம் இருக்கிற லினக்ஸ் பெட்டியில் ஓடும் ஜாவா புரோகிராம் மட்டும் கால் மணி நேரம் அப்படியே நின்றுவிட்டு அப்புறம் தானாக எழுந்து வருகிறது.

இது போதாதென்று, முதல் பெட்டிக்கு மின்சாரம் திரும்பி வரும்போது இன்னொரு தடங்கல். சில நேரம் ஒன்றுமே இல்லை, சில நேரம் அரை நிமிடம், தோட்ட அலுவலகத்துக்கு மட்டும் அதைவிட ரொம்ப நேரம். ரூட்டரில் ஏஆர்பி அட்டவணையை (எந்த ஐபி எந்த மேக் முகவரியில், அதாவது எந்த நெட்வொர்க் கார்டில், இருக்கிறது என்ற பட்டியல்) அழித்தால் அந்த நிமிடமே வந்துவிடுகிறது.

இங்கே மதியத்துக்கு மேல் இடிமழை பிடித்தால் மின்சாரம் விட்டு விட்டு வரும், அதே நேரத்தில்தான் குலை ஏற்றிய லோரிகளும் வரிசையாக வந்து நிற்கும். வெட்டிய குலை நேரம் ஆக ஆக எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், அதனால் எடைமேடை நிற்பது ஆலைக்கே இடி. அட்வர்ட் (மாஸ்டர், அதாவது ஐபியை வைத்திருக்கும் பெட்டி, தான் உயிரோடு இருப்பதாக அனுப்பும் செய்தி) இடைவெளி 1 வினாடி, முதல் பெட்டியின் பிரையாரிட்டி 150, இரண்டாவது 100, விஆர்ஆர்பி (கீப்அலைவ்டி பேசும் நெறிமுறை) பதிப்பு 2. எங்கே பார்ப்பது?


கிள்ளான்_லினக்ஸ்:

அட்வர்ட் இடைவெளியைக் குறையுங்கள், முடிந்தது வேலை. பதிப்பு 3க்கு மாறினால் 0.1 வினாடிகூட வைக்கலாம். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.


ஈப்போ_ரூட்டர்:

கிள்ளான் நண்பரே, கொஞ்சம் பொறுங்கள். தம்பி சொன்னதில் மூன்று வேறு வேறு நோய் இருக்கிறது, அட்வர்ட் இடைவெளி அதில் ஒன்றைத்தான் தொடும், அதுவும் மூன்றில் சின்னதை.

தம்பி, முதலில் ஏன் நிறுத்தினால் வேகம், பிடுங்கினால் தாமதம் என்பதைப் பார்ப்போம். கீப்அலைவ்டியை முறையாக நிறுத்தும்போது அது போகிற போக்கில் பிரையாரிட்டி 0 என்று ஒரு அட்வர்ட் அனுப்பிவிட்டுப் போகும். "நான் விலகுகிறேன், நீ எடுத்துக்கொள்" என்று அர்த்தம். இரண்டாவது பெட்டி ஸ்கியூ நேரம் மட்டும்தான் காத்திருக்கும். 256இலிருந்து பிரையாரிட்டியைக் கழித்து 256ஆல் வகுத்தால் அந்த நேரம் வரும், உங்கள் 100க்கு 0.61 வினாடி. மின்சாரத்தைப் பிடுங்கினால் விடைபெறும் பாக்கெட் கிடையாது. அட்வர்ட் இடைவெளியின் மூன்று மடங்கும் அதோடு ஸ்கியூ நேரமும் ஓடி முடிய வேண்டும், 3.61 வினாடி. உங்கள் லாக்கில் இருக்கிற 4 வினாடிக்குள் என்பது கணக்குக்குச் சரியாக வருகிறது. ஆக விஆர்ஆர்பி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. சேவையை நிறுத்திப் பார்த்து "ஃபெயில்ஓவர் ஒரு வினாடி" என்று எழுதிக்கொடுக்கிற அறிக்கைகளை நான் நம்புவதே இல்லை, காரணம் இதுதான். மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்தால்தான் அது சோதனை.

0.1 வினாடி வைப்பதும் எனக்கு ஒப்புதல் இல்லை. பெட்டி ஏதாவது வேலையில் மாட்டிக்கொண்டு அரை வினாடி மூச்சுவிடாமல் போனாலே இரண்டாவது பெட்டி மாஸ்டர் ஆகிவிடும், முதலாவது திரும்பி வந்து பிடுங்கிக்கொள்ளும், அந்த இழுபறியில் இருக்கிற இணைப்புகள் எல்லாம் அறுந்துபோகும். வேண்டுமானால் 0.3 வையுங்கள். பதிப்பு 3இல் ஸ்கியூவும் இடைவெளியோடு சேர்ந்து சுருங்கும், 0.9ம் 0.18ம் சேர்த்து 1.08 வினாடி. ஒரு ஆலைக்கு அது தாராளம்.

ஆனால் அதை இப்போது தொடாதீர்கள். எடைமேடைப் பெட்டியில் டிசிபிடம்ப் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி) போட்டு, மேக் முகவரியும் நேரமும் தெரியும்படி விர்ச்சுவல் ஐபிக்குப் போகிற வருகிற எல்லாவற்றையும் பிடியுங்கள். இரண்டாவது பெட்டியிலும் அதே நேரத்தில் பிடியுங்கள். பிடித்துக்கொண்டே மின்சாரத்தைப் பிடுங்குங்கள். கால் மணி நேரம் அந்தப் பெட்டி யாரிடம் பேசிக்கொண்டிருந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.


பாகான்_கிராணி:

நான் பாகான் டத்தோ பக்கம் தோட்டக் கிராணி (எழுத்தர்), நெட்வொர்க் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் எடைமேடை நின்றால் என்ன நடக்கும் என்று தெரியும். லோரி மேடைமேல் ஏறி நிற்கும், எடை காட்டியில் எண் தெரியும், கணினியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கிராணி எண்ணைக் கையால் தாளில் எழுதி அனுப்பிவிடுவார். பிறகு திரை எழுந்து வந்ததும் அந்தத் தாளைப் பார்த்துத் திரும்பப் பதிவார், சில நேரம் கணினியும் முதல் பதிவை உள்ளே போட்டிருக்கும், ஒரே லோரி இரண்டு டிக்கெட். மாதக் கடைசியில் சிறுதோட்டக்காரர் கணக்குக் கேட்டு வரும்போதுதான் அது தெரியவரும். அதனால் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்பதை மட்டும் பார்க்காமல், நின்ற நேரத்தில் அனுப்பிய பதிவு உள்ளே போனதா இல்லையா என்று கிராணிக்குத் தெளிவாகத் தெரிகிற மாதிரியும் செய்துகொடுங்கள் தம்பி.


கூலிம்_கேபிள்:

கிராணி ஐயா சொன்னதை அப்ளிகேஷன் எழுதியவரிடம் கட்டாயம் கொண்டுபோங்கள். ஒவ்வொரு எடைக்கும் எடைமேடையிலேயே ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் பழைய டிக்கெட்டையே திருப்பிக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் எந்த லோட் பேலன்சரும் இரட்டைப் பதிவைத் தடுக்காது.

நான் உங்கள் மூன்றாவது சிக்கலை எடுத்துக்கொள்கிறேன், முதல் பெட்டி திரும்பி வரும்போது நடக்கிறது. கூலிம் தொழிற்பேட்டையில் இதே மாதிரி ஒன்றில் நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: சுவிட்சைப் பாருங்கள்.

பெட்டி பூட் ஆகி கேபிளில் லிங்க் விளக்கு எரிந்த உடனே சுவிட்ச் அந்தப் போர்ட்டைத் திறந்துவிடாது. ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் வளையம் உண்டாகாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு) ஓடினால் லிசனிங் 15 வினாடி, லேர்னிங் 15 வினாடி, மொத்தம் 30 வினாடி பாக்கெட் எதுவும் கடக்காது. புதிய ஆர்எஸ்டிபி (அதன் வேகமான வடிவம்) இருந்தாலும் அந்தப் போர்ட்டை எட்ஜ் (கணினி மட்டும் மாட்டிய போர்ட்) என்று குறிக்காவிட்டால் அதே 30தான், ஏனென்றால் மறுமுனையில் இருக்கும் கணினி ஸ்பானிங் ட்ரீ பேசாது, சுவிட்ச் பதில் வராமல் நேரம் முடியும் வரை காத்திருக்கும்.

இப்போது அந்த 30 வினாடிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். டிஸ்க் எஸ்எஸ்டி, பூட் வேகம். கீப்அலைவ்டி எழுந்து கேட்கிறது, போர்ட் மூடியிருப்பதால் இரண்டாவது பெட்டியின் அட்வர்ட் காதில் விழவில்லை, மூன்று சொச்சம் வினாடியில் தானே மாஸ்டர் என்று அறிவித்துக்கொள்கிறது. அறிவித்ததும் கிராச்சுவிட்டஸ் ஏஆர்பி (இந்த ஐபி இப்போது என் மேக்கில் என்று யாரும் கேட்காமலே எல்லாருக்கும் சொல்வது) ஒரு கொத்து அனுப்புகிறது, 5 வினாடி கழித்து இன்னொரு கொத்து. இரண்டும் மூடிய போர்ட்டில் முட்டி விழுகின்றன, ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை. அதுவரை இரண்டாவது பெட்டி வேலை செய்துகொண்டிருப்பதால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. போர்ட் திறக்கிறது. பிரையாரிட்டி 150 என்ற அட்வர்ட் இரண்டாவது பெட்டிக்குக் கேட்கிறது, அது மரியாதையாக ஐபியை விட்டுவிட்டு ஒதுங்குகிறது. இப்போது ஐபி முதல் பெட்டியில், ஆனால் நெட்வொர்க்கில் எல்லாருடைய ஏஆர்பி அட்டவணையிலும் இரண்டாவது பெட்டியின் மேக் முகவரி. பாக்கெட் எல்லாம் ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் போகும்.

ஏன் சில நேரம் ஒன்றும் ஆவதில்லை என்றால், போர்ட் திறந்ததும் இரண்டாவது பெட்டியின் அட்வர்ட் முந்திக்கொண்டு முதல் பெட்டிக்குப் போய்விட்டால், "என்னைவிடக் குறைந்த பிரையாரிட்டி ஒருவன் மாஸ்டர் என்கிறானே" என்று கீப்அலைவ்டி மறுபடியும் கிராச்சுவிட்டஸ் ஏஆர்பி அனுப்பும். அன்றைக்குத் தப்பித்தீர்கள். யாருடைய அட்வர்ட் முதலில் என்பதைப் பொறுத்தது. பூட் மெதுவாக நடந்து 30 வினாடி தாண்டிவிட்டாலும் தப்பித்தீர்கள். விட்டு விட்டு வரும் கோளாறு என்று நீங்கள் நினைத்தது இதுதான்.

அரை நிமிடத்துக்கும் காரணம் இருக்கிறது. லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஏஆர்பி பதிவு 15இலிருந்து 45 வினாடிக்குள் பழையதாகி, கொஞ்சம் விசாரித்துப் பார்த்துவிட்டுப் புதிய முகவரியைத் தேடிக்கொள்ளும். ரூட்டர்கள் அப்படி இல்லை. சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் ஏஆர்பி பதிவின் ஆயுள் வழக்கமாக 4 மணி நேரம். உங்கள் ரூட்டர் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அட்டவணையை அழித்தால் சரியாகிறது என்பதே சாட்சி.

அந்த இரண்டு போர்ட்டையும் எட்ஜ் ஆக்குங்கள், சிஸ்கோவில் போர்ட்ஃபாஸ்ட் என்பார்கள். கீப்அலைவ்டியில் விஆர்ஆர்பி ஸ்டார்ட்அப் டிலே என்று ஒன்று இருக்கிறது, 40 வினாடி கொடுங்கள், எழுந்த உடனே கத்தாமல் காத்திருக்கும். கார்ப் மாஸ்டர் ரெஃப்ரெஷ் 60 என்று வைத்தால் மாஸ்டர் நிமிடத்துக்கு ஒரு தடவை கிராச்சுவிட்டஸ் ஏஆர்பி அனுப்பிக்கொண்டே இருக்கும், எது தவறினாலும் ஒரு நிமிடத்துக்குமேல் போகாது.


கிள்ளான்_லினக்ஸ்:

நோபிரீஎம்ப்ட் போட்டால் முதல் பெட்டி திரும்பி வந்து பிடுங்கவே பிடுங்காதே அக்கா? இவ்வளவு எதற்கு?


கூலிம்_கேபிள்:

போடலாம், நானும் போடச் சொல்வேன். இரண்டு பெட்டியிலும் ஆரம்ப நிலை பேக்கப் என்று இருந்தால்தான் அது வேலை செய்யும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த நோய்க்கு அது மருந்து இல்லை. நோபிரீஎம்ப்ட் என்றால் வேறொரு மாஸ்டர் பேசுவது காதில் விழுந்தால் பிடுங்காது என்றுதான் பொருள். இங்கே காதிலேயே விழவில்லையே, அது மாஸ்டர் ஆகத்தான் செய்யும். போர்ட் திறந்ததும் இரண்டு மாஸ்டர் சந்திக்கும்போது பெரிய பிரையாரிட்டிதான் ஜெயிக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். டிராக் ஸ்கிரிப்டில் (எச்ஏபிராக்சி உயிரோடு இருக்கிறதா என்று கீப்அலைவ்டி பார்க்கும் சோதனை) வெயிட் மைனஸ் 60 மாதிரி போட்டு, எச்ஏபிராக்சி செத்தால் பிரையாரிட்டி இறங்கட்டும் என்று விட்டிருந்தால், நோபிரீஎம்ப்ட் அதைக் கெடுத்துவிடும். முதல் பெட்டி 90க்கு இறங்கினாலும் 100 இருக்கிற இரண்டாவது பெட்டி எழாது. வெயிட்டை எடுத்துவிடுங்கள், ஸ்கிரிப்ட் தோற்றால் நேராக ஃபால்ட் நிலைக்குப் போகும், அட்வர்ட் நின்றுவிடும், மற்றது எடுத்துக்கொள்ளும்.


தெலுக்_இந்தான்_சர்வர்:

ஒரு சின்னச் சேர்க்கை. எங்கள் ஆலையில் எடை காட்டியை நெட்வொர்க்கில் இணைக்கும் பழைய சீரியல் கன்வெர்ட்டர் ஒன்று கிராச்சுவிட்டஸ் ஏஆர்பியைக் கண்டுகொள்ளவே இல்லை, அதை அணைத்துப் போட்டால்தான் புதிய மேக் முகவரியைக் கற்றுக்கொண்டது. அதனால் யூஸ் விமேக் போட்டோம். விஆர்ஆர்பி நியமத்தில் விர்ச்சுவல் ஐபிக்குத் தனியாக ஒரு விர்ச்சுவல் மேக் உண்டு, கடைசி இரண்டு இலக்கம் விஆர்ஐடியிலிருந்து (விஆர்ஆர்பி குழுவின் எண்) வரும். கீப்அலைவ்டி வழக்கமாக அதைப் பயன்படுத்தாமல் பெட்டியின் சொந்த மேக்கையே கொடுக்கும். யூஸ் விமேக் போட்டால் மேக் மாறுவதே இல்லை, சாதனங்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டாம், எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று சுவிட்ச் மட்டும் கற்றால் போதும். விஎம்முக்குள் (மெய்நிகர் கணினி) ஓட்டுபவர்கள் இதைக் கவனித்துச் செய்யுங்கள், விர்ச்சுவல் சுவிட்ச் தெரியாத மேக்கைத் தடுத்துவிடும். தம்பிக்கு நிஜப் பெட்டிதான், பிரச்சினை இல்லை.


சிப்புட்_மில்:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சுவிட்ச் போர்ட் இரண்டும் எட்ஜ் ஆக இல்லைதான், மாற்றிவிட்டேன். ஸ்டார்ட்அப் டிலே, ரெஃப்ரெஷ் இரண்டும் போட்டாயிற்று. முதல் பெட்டி திரும்பி வருவது இப்போது யாருக்கும் தெரிவதில்லை, தோட்ட அலுவலகமும் நிற்கவில்லை.

கால் மணி நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது. டிசிபிடம்ப் பிடித்தேன். மின்சாரம் போய் 4 வினாடிக்குள் எடைமேடைப் பெட்டி இரண்டாவது பெட்டியின் மேக்கைக் கற்றுக்கொண்டுவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. பாக்கெட் சரியான பெட்டிக்குத்தான் போகிறது. இரண்டாவது பெட்டியில் பிடித்ததிலும் அது வந்து சேர்வது தெரிகிறது. ஆனால் பதில் இல்லை. அதே பாக்கெட் திரும்பத் திரும்ப வருகிறது, முதலில் 0.2 வினாடி இடைவெளி, அப்புறம் 0.4, 0.8, 1.6 என்று இரட்டித்துக்கொண்டே போய் கடைசியில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. கடைசியில் ஜாவா புரோகிராம் டைம்அவுட் என்று சொல்லிவிட்டுப் புது இணைப்புப் போடுகிறது, உடனே வேலை செய்கிறது.


ஈப்போ_ரூட்டர்:

அருமையாகப் பிடித்திருக்கிறீர்கள் தம்பி, இந்த ஒரு பதிவிலேயே விடை இருக்கிறது.

லினக்ஸில் டிசிபி ரீட்ரைஸ் 2 என்ற அளவு (பதில் வராத பாக்கெட்டை எத்தனை தடவை திரும்ப அனுப்பிப் பார்ப்பது என்பது) வழக்கமாக 15. 0.2இல் ஆரம்பித்து இரட்டித்து 120இல் நின்று எல்லாம் கூட்டினால் 924.6 வினாடி, அதாவது 15 நிமிடம் 25 வினாடி. உங்கள் கால் மணி நேரம் கெர்னல் கைவிடும் நேரம். லோட் பேலன்சரின் நேரமே இல்லை.

கேள்வி, ஏன் பதில் இல்லை? இரண்டாவது பெட்டிக்கு அந்தப் பழைய டிசிபி இணைப்பு என்னவென்றே தெரியாது. தெரியாத இணைப்பில் பாக்கெட் வந்தால் கெர்னல் உடனே ஆர்எஸ்டி அனுப்ப வேண்டும், "அப்படி ஒன்று இங்கே இல்லை" என்று. அது போயிருந்தால் ஜாவா அந்தக் கணமே இணைப்பை விட்டுவிட்டுப் புதிது போட்டிருக்கும். ஆர்எஸ்டி போகவில்லை என்றால் பாக்கெட் கெர்னலின் டிசிபி வரைக்கும் போகவில்லை. டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பார்த்துவிடும், அதனால் வந்தது தெரியும், விழுந்தது தெரியாது. இரண்டு பெட்டியிலும் ஃபயர்வால் விதிகளைப் பாருங்கள். "நிலை புதிது, ஆனால் சின் கொடி (புது இணைப்பைத் தொடங்கும் அடையாளம்) இல்லை, டிராப்" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய வழிகாட்டிகளில் எல்லாம் இருக்கும், எல்லாரும் பார்த்து எழுதிக்கொள்வார்கள்.


சிப்புட்_மில்:

இருக்கிறது அண்ணே! அச்சு அசல் அதே வரி. முன்பு ஆலைக்கு இதை அமைத்துக்கொடுத்த ஒப்பந்தக்காரர் வைத்தது, இரண்டு பெட்டியிலும் இருக்கிறது. உள் நெட்வொர்க் இன்டர்ஃபேஸுக்கு மட்டும் அந்த டிராப்பை டிசிபி ரீசெட் அனுப்பும் ரிஜெக்ட் ஆக மாற்றினேன். மறுபடியும் மின்சாரத்தைப் பிடுங்கினேன்.

எடைமேடை 6 வினாடி சொச்சத்தில் திரும்பி வந்துவிட்டது.


ஈப்போ_ரூட்டர்:

அந்த 6க்கும் கணக்கு இருக்கிறது. மறு அனுப்பல்கள் 0.2, 0.6, 1.4, 3.0, 6.2 என்ற நேரங்களில் விழும். ஐபி மாறுவது 3.61இல். 3.0இல் அனுப்பியது செத்த பெட்டிக்குப் போய்விட்டது, அடுத்தது 6.2இல்தான். அதற்குத்தான் ஆர்எஸ்டி கிடைத்தது. இப்போது அட்வர்ட் இடைவெளியை 0.3க்கு இறக்கினால் ஐபி 1.1 வினாடியில் மாறும், 1.4இல் விழும் மறு அனுப்பலிலேயே ஆர்எஸ்டி கிடைக்கும். கிள்ளான் நண்பர் சொன்னதற்கு இப்போதுதான் பலன், ஃபயர்வால் வரி இருந்த வரைக்கும் எதைக் குறைத்தாலும் 15 நிமிடம் 15 நிமிடமாகவே இருந்திருக்கும்.


கூலிம்_கேபிள்:

இன்னும் ஒரு ஓட்டை பாக்கி. எடைமேடை கேட்டதை எல்லாம் அனுப்பி முடித்து, சர்வர் "வந்து சேர்ந்தது" என்று ஏசிகே கொடுத்து, பதிலுக்காகக் காத்திருக்கும்போது பெட்டி செத்தால் என்ன ஆகும்? மறு அனுப்ப ஒன்றுமே இல்லை, அதனால் ஆர்எஸ்டி வரவும் வழி இல்லை. டிசிபி கீப்அலைவ் (சும்மா இருக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று விசாரிப்பது, கீப்அலைவ்டி வேறு) போட்டிருந்தாலும் லினக்ஸில் முதல் விசாரிப்பு 7200 வினாடி கழித்துத்தான், இரண்டு மணி நேரம். ஜாவா புரோகிராமில் ரீட் டைம்அவுட் 10 வினாடி மாதிரி வைக்கச் சொல்லுங்கள். கிராணி ஐயா சொன்ன இரட்டை டிக்கெட் வருவதும் சரியாக இந்த இடத்தில்தான், பதிவு உள்ளே போயிருக்கும், பதில் மட்டும் வந்திருக்காது. அதனால் டைம்அவுட்டும் தனி எண்ணும் சேர்ந்துதான் போக வேண்டும், ஒன்றை மட்டும் செய்தால் இன்னும் மோசமாகும்.


தெலுக்_இந்தான்_சர்வர்:

தம்பி, இரண்டாவது பெட்டியில் எச்ஏபிராக்சி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறதா, இல்லை மாஸ்டர் ஆனதும் ஸ்கிரிப்ட் எழுப்புகிறதா? சிலர் ஐபி இல்லாமல் எச்ஏபிராக்சி பைண்ட் ஆகவில்லை (அந்த முகவரியில் காது கொடுக்க முடியவில்லை) என்று அப்படிச் செய்வார்கள், அதற்கே கூடுதல் வினாடிகள் போகும். ஐபி நான்லோக்கல் பைண்டை 1 ஆக்கினால் ஐபி இல்லாத பெட்டியிலும் முன்கூட்டியே எழுந்து நிற்கும், பின்னால் இருக்கிற சர்வர்களின் நிலையையும் முன்பே விசாரித்து வைத்திருக்கும்.


சிப்புட்_மில்:

அது ஏற்கெனவே 1தான், இரண்டிலும் எப்போதும் ஓடுகிறது. பதிப்பு 3, 0.3 வினாடி போட்டுப் பார்த்தேன், எடைமேடை ஒன்றரை வினாடிக்குள் வந்துவிடுகிறது. இடிமழையும் ஒன்று வந்து போனது, முதல் பெட்டி அணைந்து எழுந்தது, கிராணி என்னைக் கூப்பிடவில்லை. அப்ளிகேஷன் எழுதியவர் தனி எண்ணுக்கும் ரீட் டைம்அவுட்டுக்கும் சம்மதித்துவிட்டார், அடுத்த பதிப்பில் வரும்.


பாகான்_கிராணி:

நல்லது தம்பி. அந்தத் தனி எண்ணை டிக்கெட்டிலும் அச்சடிக்கச் சொல்லுங்கள், சிறுதோட்டக்காரர் தாளைக் கொண்டுவந்து காட்டினால் தேடுவதற்கு எங்களுக்கு உதவும்.


ஈப்போ_ரூட்டர்:

கடைசியாக ஒன்று கேட்கிறேன். இரண்டு பெட்டியும் ஒரே சுவிட்சிலா, ஒரே யுபிஎஸ்ஸிலா?


சிப்புட்_மில்:

இரண்டும் ஒரே யுபிஎஸ்தான் அண்ணே, சுவிட்சும் ஒன்றுதான். சனிக்கிழமை பிற்பகல் லோரி குறையும் நேரத்தில் இரண்டாவது பெட்டியைப் பக்கத்து அறைச் சுவிட்சுக்கும் அங்கே இருக்கிற யுபிஎஸ்ஸுக்கும் மாற்றப் போகிறேன். மாற்றிய பிறகு முதல் சுவிட்சின் மின்சாரத்தையே பிடுங்கிப் பார்த்து, டிசிபிடம்ப் பிடித்ததை இங்கே போடுகிறேன்.